சாப்பாட்டுப் படத்துக்கு எந்த வெளிச்சம்: ஜன்னலா, எல்இடியா, ஃபிளாஷா?

வீட்டில் சமைத்ததைப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த போன், எந்தக் கேமரா என்றுதான். ஒரு மாதம் போனால் கேள்வி மாறிவிடும். ஞாயிறு காலை எடுத்த இட்லி பளிச்சென்று வந்திருக்கிறது; அதே போனில் அன்று இரவு எடுத்த தோசை ஏன் மஞ்சளடித்துக் கிடக்கிறது? போன் மாறவில்லை, கை மாறவில்லை. வெளிச்சம்தான் மாறியது. ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் கேமராவில் போடாமல் வெளிச்சத்தில் போடுவதே சரி. சில சமயம் அதற்குக் காசே தேவைப்படாது.

வீட்டில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள் மூன்று. ஜன்னல் வெளிச்சம், சாஃப்ட்பாக்ஸ் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும், வெள்ளைத் துணி முகப்புள்ள பெட்டி) மாட்டிய எல்இடி விளக்கு, கேமராவுக்கு வெளியே வைக்கும் ஃபிளாஷ்.

## எதை வைத்து முடிவு செய்வது

நீங்கள் படம் எடுக்கும் நேரம். வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் அடுப்படிக்கு வருகிறீர்கள் என்றால், ஜன்னலைப் பற்றிய அறிவுரை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் பயன்படும். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒன்றே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

போனா, கேமராவா. பெரும்பாலான போன்களோடு வெளி ஃபிளாஷை இணைத்து ஒரே நொடியில் வெட்டவைக்க முடியாது. போன்தான் கையில் என்றால் மூன்றாவது வழி இப்போதைக்கு அடைபட்டது.

தட்டில் இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும், அசையுமா. உப்பிய பூரி ஓரிரு நிமிடத்தில் அமுங்கும். காபி நுரை அடங்கும். கொழுக்கட்டையும் முறுக்கும் அரை மணி நேரம் காத்திருக்கும்.

எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா. பொழுதுபோக்குக்கு எடுப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. வீட்டிலிருந்தே கேக் விற்பவர் விலைப்பட்டியலுக்கு 20 படம் வைக்கிறார் என்றால் இதுதான் முதல் நிபந்தனை.

வீடியோவும் உண்டா. உண்டு என்றால் ஃபிளாஷைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

இடமும் பணமும் கடைசியில். பத்துக்குப் பத்து அறையில் விளக்கு ஸ்டாண்டை விரித்தே வைத்திருக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## மூன்றுக்கும் பொதுவான ஒரு விதி

வெளிச்சம் மென்மையாக விழுவதும் கடுமையாக விழுவதும் விளக்கின் விலையைப் பொறுத்தது இல்லை. தட்டிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 60 செ.மீ. அகல ஜன்னல் 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் நிழலின் ஓரம் மெல்லக் கரையும். அதே ஜன்னல் 3 மீட்டர் தள்ளி இருந்தால் நிழல் வெட்டினாற்போல் விழும், வெளிச்சமும் மங்கும். சின்ன விளக்கின் ஒளி தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்காகிவிடும். சாஃப்ட்பாக்ஸை 60 செ.மீ.யிலிருந்து 120 செ.மீ.க்கு நகர்த்தினாலும் ஏறக்குறைய அதே கதைதான்.

திசையும் அப்படியே. கேமராவின் பக்கமிருந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தோசையின் வட்ட வரிகள் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்தோ, பக்கவாட்டும் பின்புறமும் சேரும் மூலையிலிருந்தோ வரும் வெளிச்சம்தான் மொறுமொறுப்பைக் கண்ணுக்குக் காட்டும்.

## ஜன்னல்

செலவு என்று பார்த்தால் ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு கறுப்பு சார்ட் பேப்பர், ஒரு வெள்ளை வேட்டி. வேட்டி வீட்டிலேயே இருக்கும்.

மேசையை ஜன்னலிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தூரத்தில், ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வருமாறு போடுங்கள். அறையின் விளக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். டியூப்லைட் ஒன்று எரிந்தாலும் போதும், சோற்றின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் போய்விடும். பிறகு ஆப்பில் அதை எளிதில் சரிசெய்ய முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, தெர்மாகோலை நிறுத்துங்கள். நிழல் பக்கம் மெல்ல எழும்பும். நிழல் ஆழமாக வேண்டுமென்றால் அதே இடத்தில் கறுப்பு சார்ட்டை வையுங்கள். நெய் ரோஸ்ட், வறுத்த கறி, கருப்பட்டி அல்வா போன்றவற்றுக்குக் கறுப்பு சார்ட்தான் பொருந்தும்.

மின்விசிறியையும் நிறுத்துங்கள். இட்லியின் ஆவி படத்தில் வராமல் போவதற்கு முதல் காரணம் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். இரண்டாவது காரணம், ஆவிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருப்பது. வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வர, பின்னணி இருட்டாக இருந்தால்தான் ஆவி கண்ணுக்குத் தெரியும். மேசை, கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முந்தைய ஈட்டு இட்லியை வைத்துச் சரிபார்த்துவிட்டு, சூடான ஈட்டைக் கடைசியில் வைத்தால் அந்த ஒரு நிமிடம் வீணாகாது.

வெள்ளை உணவில் போன் ஒரு தவறு செய்யும். காட்சி முழுக்க வெள்ளையாக இருந்தால் அதைச் சாம்பல் நிறத்துக்கு இறக்கிவிடும். வெள்ளைத் தட்டில் இட்லி, தேங்காய்ச் சட்னி என்று வைத்தால் எல்லாம் அழுக்கு வெள்ளையாக வருவது இதனால்தான். இட்லியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டியபின், பக்கத்தில் வரும் கோட்டை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கல்சட்டியில் மோர்க்குழம்பு என்றால் தலைகீழ். கறுப்பைப் பார்த்துப் போன் தானாக ஏற்றும். நீங்கள் இறக்க வேண்டும்.

இனி திசை. ஐரோப்பிய, அமெரிக்கப் பாடங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைத் தேடச் சொல்லும், அங்கே வெயில் நேரே விழாது என்பதால். நம் ஊரில் அது பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதித்து, மேற்குக்கு வடக்கே தள்ளி மறைகிறது. சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலிலேயே வடக்கே சாய்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலேயே அது தொடங்கிவிடும். ஆக மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் சரிந்து உள்ளே வரும். திசையைத் தேடி அலைவதை விட எளிய கணக்கு ஒன்று: கிழக்கு ஜன்னல் என்றால் பதினொரு மணிக்குப் பிறகு, மேற்கு ஜன்னல் என்றால் காலையில். வெயில் நேரே விழும் நேரத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வேட்டியை ஒற்றையாக விரித்து ஜன்னலில் கட்டுங்கள். கரை தட்டின் பக்கம் வராமல் பாருங்கள். பழுப்பேறிய வேட்டி வெளிச்சத்தையும் பழுப்பாக்கும். சொட்டு நீலம் தூக்கலாகப் போட்டது நீலமாக்கும்.

ஜன்னல் கம்பியைப் பலரும் கவனிப்பதில்லை. எவர்சில்வர் கரண்டியின் குழியை உற்றுப் பாருங்கள். ஜன்னல் முழுவதும் வளைந்து, கம்பிகளோடு அதில் தெரியும். பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் தெரியும். ரசத்தின் மேல் மிதக்கும் நெய்ப்பொட்டுகளிலும் அதே கம்பிகள்தான். ஜன்னலில் பட்டர் பேப்பரையோ வேட்டியையோ கட்டினால் கம்பி மறைந்து வெள்ளைச் சதுரம் மட்டும் நிற்கும். உடையையும் மங்கலான நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவர் பச்சையோ ரோஸோ என்றால் அதன் சாயல் சோற்றில் ஏறும். அந்தப் பக்கம் தெர்மாகோல் நிற்பதால் அதுவும் அடங்கும்.

ஜன்னலின் மறைமுகச் செலவு நேரம். பதினொரு மணி வெளிச்சத்துக்காக பத்தே முக்காலுக்குச் சமையல் முடிந்திருக்க வேண்டும். மேகம் ஒன்று கடந்தால் முதல் படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நிறமே வேறாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிச்சம் மென்மையாக இருந்தாலும் அளவு போதாது. கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடும். போனை நிறுத்த ஒரு டிரைபாடும் 2 நொடி டைமரும் இருந்தால் அந்தக் குறை தீரும். ஜன்னலோடு இருக்க முடிவுசெய்தவர் முதலில் வாங்க வேண்டியது டிரைபாட்தான்.

பகலில் சமைப்பவருக்கும், வெளிச்சம் விழும் விதத்தை இன்னும் கண்ணால் பழகாதவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. தெர்மாகோலை நகர்த்தும்போது நிழல் நகர்வதை நேரே பார்க்கலாம். வேறெந்த விளக்கும் இவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுக்காது.

## எல்இடி விளக்கு

இரவுச் சமையல்காரருக்கு இதுதான் விடை. ஆனால் கடையில் "எல்இடி வீடியோ லைட்" என்று விற்பதெல்லாம் ஒன்றில்லை. மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது சிஆர்ஐ. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண். 95க்கு மேல் இருப்பது நல்லது. இந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அதைத் தனியாக ஆர்9 என்று போடுவார்கள். சமையலில் சிவப்புதான் அதிகம்: மிளகாய்ப்பொடி, தக்காளிச் சட்னி, பீட்ரூட், கறிக்குழம்பின் மேல் திரளும் எண்ணெய். ஆர்9 குறைந்த விளக்கில் இவை செங்கல்பொடி போல வெளிறும். பெட்டியில் ஆர்9 போடவில்லை என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தட்டில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், நறுக்கிய பீட்ரூட், கொத்தமல்லி, வெள்ளைத்தாள் துண்டு ஐந்தையும் வையுங்கள். காலை ஜன்னலில் ஒரு படம், இரவு விளக்கில் ஒரு படம். இரண்டிலும் தாளை வெள்ளையாக்கிவிட்டுப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பீட்ரூட் ஏமாற்றினால் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பி எடுக்கும் நாட்களுக்குள் செய்ய வேண்டிய சோதனை இது.

இரண்டாவது பலம். 60 வாட் விளக்கு, 60×90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், தட்டிலிருந்து ஒரு மீட்டருக்குள் என்று வைத்தால், கேமராவில் எஃப்/5.6 (லென்ஸ் திறக்கும் அளவு), 1/60 நொடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 400 (ஒளியை உணரும் திறன்) என்ற அளவில் தொடங்கலாம். டிரைபாட் இருந்தால் 1/15 நொடிக்கு இறங்கி ஐஎஸ்ஓ 100லேயே எடுக்கலாம். கையடக்கச் சிறு பேனல்கள் சாஃப்ட்பாக்ஸுக்குப் பின்னால் மூச்சுத் திணறும்.

மூன்றாவது, சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் வாய். போவன்ஸ் மவுண்ட் என்ற வகை இருந்தால் பல கம்பெனிகளின் சாஃப்ட்பாக்ஸ்களும் பொருந்தும். விளக்கு மாறினாலும் அது வீணாகாது. சூடும் குளிர்ச்சியுமாக நிறம் மாற்றும் வசதி உணவுப் படத்துக்கு அவசியமில்லை. பகல் வெளிச்ச நிறத்தில், சுமார் 5600 கெல்வினில், ஒன்று போதும்.

வைக்கும் முறை எளிது. ஜன்னல் இருந்த இடத்தில் சாஃப்ட்பாக்ஸை வையுங்கள். தட்டிலிருந்து 60 முதல் 80 செ.மீ. தூரம், கீழ் ஓரம் மேசையை விடச் சற்று மேலே, முகம் தட்டை நோக்கிக் கொஞ்சம் குனிந்திருக்க வேண்டும். எதிரே அதே தெர்மாகோல். தலைக்கு மேல் தூக்கி வைத்தால் கிண்ணத்தின் உள்ளே நிழலே இல்லாமல் போய், சாம்பார் ஆழமற்ற தட்டு போலத் தெரியும்.

படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் வந்தால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் பட்டை மறையும். அறையில் எரியும் சாதாரண பல்புகள்தான் பெரும்பாலும் குற்றவாளி.

மறைமுகச் செலவுகள் இங்கே அதிகம். விளக்கின் விலையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட், நீள ஒயர் மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். மலிவான ஸ்டாண்டில் 60 வாட் விளக்கும் சாஃப்ட்பாக்ஸும் ஏறினால் தலை கனத்து, குழந்தை ஒயரை இழுத்தால் எல்லாம் மேசை மேல் விழும். ஸ்டாண்டின் காலில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கால் விளக்கு சாயும் திசையை நோக்கியிருக்கட்டும். சாஃப்ட்பாக்ஸை விரித்து மடக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டிய வீடு என்றால், குடை போல ஒரே இழுப்பில் விரியும் வகையை வாங்குங்கள். அதற்குக் கூடக் கொடுக்கும் காசு தகும். விளக்கில் மின்விசிறி உண்டா என்றும் பாருங்கள். தாளிக்கும் ஓசையைப் பதிவுசெய்ய நினைப்பவருக்கு அந்த இரைச்சல் பெரிய தொல்லை. மின்சாரச் செலவு பொருட்டே இல்லை: 60 வாட் இரண்டு மணி நேரம் எரிந்தால் 0.12 யூனிட்.

## ஃபிளாஷ்

கேமராவின் தலையில் மாட்டி நேரே அடிக்கும் ஃபிளாஷைப் பற்றிய பேச்சு இல்லை. அது சாப்பாட்டைக் கெடுக்கும். ஸ்டாண்டில் தனியாக நின்று, குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் வழியாக, கேமரா மேலுள்ள டிரிக்கர் சொல்லும்போது வெட்டும் ஃபிளாஷைத்தான் சொல்கிறோம்.

இதன் தனிச்சிறப்பு, நேரத்தை உறையவைப்பது. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே காபி ஆற்றும்போது விழும் தாரையை ஜன்னல் வெளிச்சத்தில் 1/60ல் எடுத்தால் பழுப்புக் கயிறு போல இருக்கும். ஃபிளாஷில் எடுத்தால் தாரையின் முறுக்கும், அடியில் தெறிக்கும் நுரைக்குமிழும் தனித்தனியே நிற்கும். ஃபிளாஷின் பலத்தைக் குறைக்கக் குறைக்க அது வெட்டும் நேரமும் சுருங்கும். ஆகவே அசைவை நிறுத்த பலத்தை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்.

தொடங்குவதற்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160, ஃபிளாஷ் 1/4 பலம், தட்டிலிருந்து 80 செ.மீ. அசைவைப் பிடிக்க 1/16 பலம், ஐஎஸ்ஓ 400. முதலில் ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்பாக வந்தால் அறை விளக்கு படத்தில் கலக்கவில்லை. கறுப்பாகவில்லை என்றால் அந்த விளக்கை அணைக்க வேண்டும். ஷட்டரை 1/200 அல்லது 1/250க்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டை விழும்.

குறை என்னவென்றால், எடுப்பதற்கு முன் வெளிச்சம் எப்படி விழும் என்று தெரியாது. எடுத்து, பார்த்து, நகர்த்தி, மறுபடி எடுக்க வேண்டும். நிழலைப் படிக்கத் தெரியாதவர் இதில் திணறுவார். டிரிக்கர், நான்கு ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரிகள், மாற்றுக்கு இன்னும் நான்கு, நல்ல சார்ஜர், குடை, ஸ்டாண்ட் என்று சில்லறையாகச் சேரும் செலவு ஃபிளாஷின் விலையையே தொட்டுவிடும். ஐஸ்கிரீம், குல்பி போன்றவற்றுக்கு விளக்கின் சூடு படாது என்பது ஒரு லாபம்.

## மூன்றும் ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | ஜன்னல் | எல்இடி + சாஃப்ட்பாக்ஸ் | ஃபிளாஷ் |
|---|---|---|---|
| இரவில் | முடியாது | முடியும் | முடியும் |
| போனில் | ஆம் | ஆம் | பெரும்பாலும் இல்லை |
| வீடியோ | ஆம், மேகம் மாறினால் சிக்கல் | ஆம் | இல்லை |
| ஊற்றுதல், தூவுதல் | மங்கிப்போகும் | ஐஎஸ்ஓ ஏற்ற வேண்டும் | மிகச் சிறப்பு |
| எல்லாம் ஒரே மாதிரி | கடினம் | எளிது | எளிது |
| விழும் விதம் முன்பே தெரியுமா | தெரியும் | தெரியும் | தெரியாது |
| தயாராக ஆகும் நேரம் | 5 நிமிடம் | 10 முதல் 15 | 15க்கு மேல் |
| மறைமுகச் செலவு | உங்கள் பகல் நேரம், டிரைபாட் | சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட், இடம் | டிரிக்கர், பேட்டரி, கேமரா |

## யாருக்கு எது

வார இறுதியில் மட்டும் எடுப்பவர், போன் மட்டும் வைத்திருப்பவர்: ஜன்னல். மூன்று மாதம் வேறெதுவும் வாங்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே கேக், பொடி, ஊறுகாய் விற்பவர்: எல்இடி. தரையில் ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தையும், மேசையில் தட்டு வைக்கும் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவைத்தால் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படமும் பழைய படத்தோடு பொருந்தும். பகலில் எடுத்தாலும் ஜன்னலைத் திரையால் மூடிவிடுங்கள்.

அலுவலகம் முடிந்து இரவில் சமைப்பவர், ரீல்ஸும் போட நினைப்பவர்: எல்இடி, சந்தேகமே வேண்டாம்.

கேமரா கையில் இருக்கிறது, பக்கவாட்டு வெளிச்சமும் பின்வெளிச்சமும் பழகிவிட்டது, நெய் ஊற்றும் கணமும் மாவு தெறிக்கும் கணமும்தான் வேண்டும் என்பவர்: ஃபிளாஷ். அதற்கு முன் வேண்டாம்.

வாழை இலைச் சாப்பாடு அடிக்கடி எடுப்பவர்கள் எந்த விளக்கானாலும் அதை நேர் பின்னால் வைக்க வேண்டாம். இலையின் மேல் மெழுகுப்பூச்சு போன்ற பளபளப்பு இருப்பதால் பின்வெளிச்சத்தில் பாதி இலை வெள்ளையடித்துவிடும். பக்கவாட்டுக்கு நகர்த்தினால் பச்சை திரும்பி வரும்.

ஏற்கெனவே ரிங் லைட் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். போனை வளையத்தின் நடுவில் மாட்டுவதுதான் தவறு. மேலிருந்து எடுத்தால் சாம்பாரில் வெள்ளை வளையம் மிதக்கும், உணவும் தட்டையாகும். போனைத் தனி டிரைபாடுக்கு மாற்றுங்கள். ரிங் லைட்டை இடப்பக்கம், தட்டை விட அரை அடி உயரத்துக்கு இறக்குங்கள். அதற்கும் தட்டுக்கும் நடுவே, விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு பெரிய பட்டர் பேப்பரை நூலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பேப்பர் முழுவதும் ஒளிர்ந்தால் அதுதான் இப்போது உங்கள் ஜன்னல். நடுவில் மட்டும் வளையம் தெரிந்தால் விளக்கை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.